வேலியில் படர்ந்த கொடியும் அப்பாவின் கைக் கொப்புளமும்

கேள்வி: டாக்டர், நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் முதல் முறையாக வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரைக்கும் ப்ராஸ்டேட் வீக்கத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சும்மா உட்கார முடியாமல், ஒன்பது நாளுக்கு முன்னால் பின்பக்க வேலியில் படர்ந்திருந்த கொடியையெல்லாம் வெறுங்கையால் பிடுங்கிப் போட்டார். இரண்டாம் நாளே மணிக்கட்டில் கோடு கோடாகச் சிவந்து, கொப்புளம் போட்டது. அப்புறம் கழுத்திலும் கன்னத்திலும் வந்தது. நேற்று இடுப்பைச் சுற்றியும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ‘பாய்சன் ஐவி’ என்றார். அம்மா மஞ்சளையும் வேப்பிலைப் பொடியையும் குழைத்துப் பூசுகிறார். எரிகிறது என்கிறார் அப்பா. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்கிறார் அம்மா. ராத்திரியெல்லாம் அப்பாவுக்குத் தூக்கமில்லை. விசிட்டர் இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறது என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயக்கமாக இருக்கிறது. வீட்டிலேயே என்ன செய்யலாம்? என் நான்கு வயது மகளுக்குத் தொற்றுமா? பிடுங்கிய கொடி ஷெட்டுக்குப் பின்னால் குவிந்து கிடக்கிறது. காய்ந்ததும் கொளுத்திவிடலாம் என்கிறார் அப்பா.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் குவியலைக் கொளுத்தவே கூடாது. அந்தக் கொடியில் இருக்கும் எண்ணெய் காய்ந்தாலும் போகாது. எரித்தால் புகையோடும் கரித்தூளோடும் சேர்ந்து காற்றில் ஏறும். இப்போது கையில் வந்திருப்பது தொண்டைக்குள்ளும் நுரையீரலிலும் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது, நேரே அவசர சிகிச்சைதான். புகை போகும் பக்கத்தில் நிற்கிற குழந்தைக்கும் அதே கதிதான். ஆகவே இதைப் படித்தவுடன் எழுந்துபோய் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் இல்லாத கொடி அது. மூன்று மூன்று இலையாக, பார்க்க வில்வம்போலச் சாதுவாக இருக்கும். நடு இலைக்கு மட்டும் காம்பு நீளமாக இருக்கும். பக்கத்து இலை இரண்டும் தண்டோடு ஒட்டினாற்போல இருக்கும். வசந்தத்தில் தளிர் சிவந்து, எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். மரத்தில் ஏறிய பழைய கொடியென்றால் தண்டு முழுக்கச் சல்லிவேர் விட்டு, மயிர் முளைத்த கயிறு மாதிரி தெரியும். குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்த பிறகும் அந்த மொட்டைத் தண்டில் விஷம் உண்டு. ‘மூன்று இலையா, தொடாதே’ என்ற பொருளில் அங்கே குழந்தைகளுக்கு ஒரு சொலவடையே சொல்லிக் கொடுக்கிறார்கள். நமக்கோ வீடு வாங்கி, வேலியோரம் சுத்தம் செய்யப் போகும்போதுதான் அறிமுகம் கிடைக்கிறது.

இதன் பாலில் உருஷியால் என்று ஓர் எண்ணெய் இருக்கிறது. பெயர் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே மரப்பாத்திரங்களுக்கு மெருகு ஏற்ற ஒரு மரத்தைக் கீறிப் பால் எடுப்பார்கள். அதற்கு உருஷி என்று பெயர். அந்த மரமும் பாய்சன் ஐவியும் நெருங்கிய சொந்தம். ஜப்பான் வரை போவானேன், நம் மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாமே அதே குடும்பம்தான். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண்ணான பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அந்தப் பிள்ளையே நீங்களாகவும் இருக்கலாம். சலவைக்குப் போடும் துணியில் அழியாத கறுப்புக் குறி வைக்கிறார்களே, அது சேங்கொட்டைச் சாறு. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, அந்தக் குறி தோலில் பட்ட இடத்தில் மட்டும் கொப்புளம் வந்தது. 1943இல் அவர்களுடைய மருத்துவர்கள் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் 1982இல் முந்திரிப் பருப்பு சாப்பிட்ட 54 பேருக்கு, பாய்சன் ஐவி பட்டதுபோலவே தடிப்பு வந்தது. பருப்போடு ஓட்டுத் துண்டுகள் கலந்திருந்ததுதான் காரணம்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. இரண்டாம் நாளே சிவந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இது தோலைச் சுடும் அமிலம் மாதிரியான விஷம் கிடையாது. ஒவ்வாமை. உடம்பு அந்த எண்ணெயை ஒருமுறை பார்த்து, பகையாளி என்று குறித்து வைத்துக்கொண்ட பிறகுதான் சண்டைக்கு வரும். வாழ்க்கையில் முதல்முறை படுபவருக்குத் தடிப்பு வர ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை ஆகும். சிலருக்கு வராமலே போய்விடும். ஏற்கெனவே பட்டவருக்குத்தான் ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ பொங்கும். அப்பாவோ இப்போதுதான் முதல்முறையாக அமெரிக்கா வந்திருக்கிறார். அப்படியென்றால் இந்த எண்ணெயின் சொந்தக்காரர் யாரையோ அவர் ஊரிலேயே சந்தித்திருக்க வேண்டும்.

நான் பண்ருட்டிப் பக்கம் வளர்ந்தவள். எங்கள் ஆயா விரலெல்லாம் சாம்பலைப் பூசிக்கொண்டு வறுத்த முந்திரிக்கொட்டையை உடைப்பார். ஒரு தட்டு, ஓடு பிளக்கும், பருப்பு முழுசாக மடியில் விழும். அந்த வேகத்தைப் பார்க்க நாங்கள் போய் உட்கார்ந்தால் ‘தள்ளிப் போ, பால் தெறிக்கும்’ என்று விரட்டுவார். சீசன் முடியும்போது அவருடைய விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே தெரியாது. அந்த ஓட்டு எண்ணெயும் உருஷியாலும் வேதியியல்படி பங்காளிகள். பல வருடம் கழித்து அமெரிக்காவில் முதல் பாய்சன் ஐவி நோயாளியைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பாடப்புத்தகம் இல்லை, ஆயாவின் கைதான்.

சரி, இனி உங்கள் மகள். தொற்றாது. கொப்புளத்துக்குள் இருப்பது அப்பாவின் உடம்பில் ஊறிய நீர், அதில் கொடியின் எண்ணெய் கிடையாது. கொப்புளம் உடைந்து நீர் வழிந்தாலும், அது பட்ட இடத்தில் புதிதாக வராது. தாத்தா துவைத்த துணி உடுத்தியிருந்தால் பேத்தி தாராளமாக அவர் மடியில் உட்காரலாம்.

பின்னே ஏன் நாளுக்கு ஓர் இடமாகப் பரவுகிறது என்று கேட்பீர்கள். எண்ணெய் அதிகம் பட்ட இடமும் தோல் மெல்லியதாக இருக்கும் இடமும் முதலில் பொங்கும். கொஞ்சமாகப் பட்ட இடமும், தோல் தடித்த இடமும் நாலு நாள் தாமதமாகப் பொங்கும். பரவுவதுபோலத் தெரிந்தாலும், பெரும்பாலும் எல்லாமே அந்த ஒரே நாளில் விழுந்த விதைதான்.

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. உங்கள் வீட்டில் அந்த எண்ணெய் இன்னும் எங்கோ ஒட்டிக்கொண்டு இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். அன்றைக்கு அப்பா தோளில் துண்டு போட்டிருந்தாரா? வேர்வை துடைக்கும் ஒவ்வொரு தடவையும் கையில் இருந்த எண்ணெய் துண்டுக்கும், துண்டிலிருந்து கன்னத்துக்கும் கழுத்துக்கும் போயிருக்கும். இடுப்பைச் சுற்றி வந்தது என்கிறீர்கள். லுங்கி கட்டுகிறவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை அவிழ்த்து முடிவார் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் துண்டும் லுங்கியும் துவைக்காமல் திரும்பத் திரும்பப் பயன்பட்டால், தினமும் புதிதாக எண்ணெய் தடவிக்கொள்வதற்குச் சமம். இந்த எண்ணெய் துணியிலும் மண்வெட்டிக் காம்பிலும் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட வீரியம் குறையாமல் இருக்கும்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். அமெரிக்கா வந்த முதல் வருடம் தோழிகளோடு ஒரு காட்டுப் பாதையில் நடந்துவிட்டு வந்து, கணுக்காலில் கொப்புளம். மூன்று வாரத்தில் ஆறியது. இரண்டு மாதம் கழித்து, எந்தக் காட்டுக்கும் போகாமலே, விரல் இடுக்கில் அதே கொப்புளம். துணி, காலுறை எல்லாம் துவைத்திருந்தேன். ஷூவின் கயிற்றைத் துவைக்கவில்லை. ஒவ்வொரு முறை முடிச்சுப் போடும்போதும் விரலில் ஏறியிருக்கிறது. தோல் மருத்துவம் படித்தவளுக்கே இந்தக் கதி.

ஆகவே இன்றைக்கே ஒரு வேலை. அப்பா அன்று உடுத்திய துணி, துண்டு, செருப்பு, மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், செல்போன், கத்தரி, கதவின் பிடி, எல்லாவற்றையும் ஒரு சுற்று பாருங்கள். துணியைத் தனியாக, சூடான தண்ணீரில் தாராளமாக டிடர்ஜென்ட் போட்டு வாஷிங் மெஷினில் ஓட்டுங்கள். மற்றவற்றைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பாலோ ரப்பிங் ஆல்கஹாலாலோ துடையுங்கள். கையுறை வேண்டும், ஆனால் மெல்லிய லேட்டக்ஸ் கையுறை வேண்டாம், அதில் இந்த எண்ணெய் ஊறி உள்ளே வந்துவிடும். தடிமனான வினைல் நல்லது. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அதையும் குளிப்பாட்டுங்கள். அதற்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது, ஆனால் ரோமத்தில் எண்ணெயைச் சுமந்துகொண்டு வந்து சோபாவில் படுக்கும்.

இப்போது வைத்தியம். நேராகவே சொல்கிறேன்: வந்துவிட்ட தடிப்பைக் குணமாக்கும் வீட்டு மருந்து எதுவும் இல்லை. அது தானாகவே இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். அதுவரை அரிப்பைத் தணித்து, தூங்க வைத்து, புண்ணாக்காமல் கரை சேர்ப்பதுதான் நம் வேலை. அதற்கு வீட்டுச் சாமானே நிறைய உதவும்.

என் முதல் சிபாரிசு ஈரத்துணி. அப்பாவின் பழைய வேட்டியை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்குமே, அதைக் கிழித்து நான்கு மடிப்பாக மடித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கொப்புளத்தின் மேல் போடுங்கள். பிளாஸ்டிக் எதுவும் மேலே சுற்ற வேண்டாம். நீர் ஆவியாவதில்தான் குளிர்ச்சி இருக்கிறது. துணி வெதுவெதுப்பானதும் மறுபடி நனைத்துப் போடுங்கள். 15, 20 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, படுக்கப் போகும் முன் கட்டாயம் ஒருமுறை. நீர் வடியும் கொப்புளத்தை இது உலர்த்தவும் செய்யும். காசு செலவில்லாத வைத்தியம் என்பதால் யாரும் மதிப்பதில்லை. இரண்டு நாள் ஒழுங்காகச் செய்துபாருங்கள்.

அடுத்தது ஓட்ஸ். கடையில் இதற்கென்று பொட்டலமே விற்கிறார்கள், ஆனால் மிக்ஸி இருக்கிற வீட்டுக்கு அது தேவையில்லை. சர்க்கரையோ வாசனையோ சேர்க்காத வெறும் ஓட்ஸை, ரவை பதம் தாண்டி மைதா பதத்துக்கு அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் பால் மாதிரி வெளுத்து நிற்க வேண்டும். அடியில் தங்கினால் இன்னொரு சுற்று. டப்பில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கப் மாவைக் கரைத்து 15 நிமிடம் படுக்கச் சொல்வார்கள். உங்கள் அப்பா விஷயத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. ஓட்ஸ் கரைந்த டப் பாசி பிடித்த படித்துறை மாதிரி வழுக்கும். டப்பில் ஏறி இறங்கிப் பழக்கமில்லாத 68 வயதுக்காரர் இடுப்பை ஒடித்துக்கொண்டால், பாய்சன் ஐவியே தேவலாம் என்று ஆகிவிடும். அவரை ஒரு ஸ்டூலில் உட்கார வையுங்கள். மாவைத் துணியில் மூட்டை கட்டி வாளித் தண்ணீரில் நன்றாகப் பிழிந்துவிட்டு, நம் ஊர் வழக்கப்படி சொம்பால் மொண்டு ஊற்றுங்கள். துவட்டும்போது ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

சமையல் சோடாவும் கைகொடுக்கும். மூன்று ஸ்பூன் சோடாவுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் குழைத்து, அரிக்கிற இடத்தில் மெல்லப் பூசினால் கொஞ்ச நேரத்துக்கு அடங்கும். காய்ந்ததும் கழுவிவிடுங்கள், முகத்தில் வேண்டாம். காலமைன் லோஷன் நல்லது. கொப்புளம் உலர்ந்து தோல் வறண்டு உரிய ஆரம்பித்ததும் காலமைனை நிறுத்திவிட்டு, வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவலாம். தேங்காய் எண்ணெய்க்கு வேளை அதுதான். ஆரம்பத்திலேயே, சோப்புப் போட்டுக் கழுவுவதற்கு முன் எண்ணெய் தடவினால், உருஷியாலைக் கரைத்து இன்னும் அகலமாகப் பரப்பிவிடும்.

வெந்நீர் ஊற்றினால் சொர்க்கம்போல இருக்கிறது என்று சில நோயாளிகள் சொல்வார்கள். உண்மைதான், அந்த நிமிடம் சுகமாக இருக்கும். அடுத்த மணி நேரத்தில் இரண்டு மடங்கு அரிக்கும். வேண்டாம்.

இனி அம்மாவின் மஞ்சள், வேப்பிலை. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எரிந்தால், தோல் ‘போதும்’ என்று சொல்கிறது என்றுதான் அர்த்தம். தோல் முழுசாக இருக்கும்போது மஞ்சள் பூசுவது ஒன்று. கொப்புளம் உடைந்து சிவந்து கிடக்கும்போது பொடியை அப்பி, காயவிட்டு, பிறகு சுரண்டி எடுப்பது வேறு. மஞ்சளே சிலருக்கு ஒவ்வாமை கொடுக்கும். அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. சர்க்கரை நோயாளிக்குப் புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். சீழ் பிடிக்கிறதா என்று நாம் பார்ப்பது நிறத்தை வைத்து. மஞ்சளை அப்பிவிட்டால் சிவப்பும் தெரியாது, மஞ்சள் பொருக்கும் தெரியாது. மருத்துவரிடம் காட்டினாலும் அவருக்கும் தெரியாது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லி மனம் நோகச் செய்ய வேண்டாம். வேப்பிலையைக் கொதிக்க வைத்து, நன்றாக ஆறவிட்டு, தெளிவாக வடிகட்டி, அந்தத் தண்ணீரில் வேட்டித் துணியை நனைத்துப் போடச் சொல்லுங்கள். குளிர்ச்சி வேலை செய்யும். அதில் வேம்பின் பங்கு எவ்வளவு என்று நான் அவரோடு வழக்காட வரமாட்டேன். கற்றாழையும் அப்படித்தான். தோல் உடையாத இடத்தில் உள்சோற்றைத் தடவலாம், வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு. எலுமிச்சைச் சாறு, பூண்டு, சுண்ணாம்பு, வினிகர் இந்த நான்கும் கிட்டவே வரக் கூடாது. எலுமிச்சை தடவிய கையோடு வெயிலில் போனால் தனியாக ஒரு கொப்புளம் வரும், பூண்டும் சுண்ணாம்பும் தோலை வேகவைக்கும். ப்ளீச் தடவினவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அமெரிக்காவுக்கும் ஒரு பாட்டி வைத்தியம் உண்டு. ஓடையோரம் ஜூவல்வீட் என்ற ஆரஞ்சுப் பூச் செடி வளரும், நம் காசித்தும்பையின் உறவு. காயைத் தொட்டால் வெடித்து விதை தெறிக்கும், அதே மாதிரி. அங்கத்திய பூர்வகுடிகள் பாய்சன் ஐவிக்கு அதன் தண்டைக் கசக்கித் தேய்த்து வந்திருக்கிறார்கள். சோதித்துப் பார்த்ததில், எண்ணெய் பட்டவுடன் புதுச் சாற்றைத் தேய்த்தால் கொஞ்சம் தடுக்கிறது என்று தெரிந்தது. ஆனால் சோப்பு அதைவிட நன்றாகத் தடுத்தது. ஒன்பதாம் நாளில் தேய்த்து எந்தப் பயனும் இல்லை.

கடை மருந்துக்கு வருவோம். ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற மென்மையான ஸ்டீராய்டு களிம்பு, மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்கும். இவ்வளவு பெரிய தடிப்புக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. தடவினால் தவறில்லை, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். காலமைன் மாதிரியே குப்பியில் வரும் சில லோஷன்களில் வேறு மருந்தைக் கலந்திருப்பார்கள். பின்பக்கத்தில் டைஃபென்ஹைட்ரமின் என்றோ பென்ஸோகெய்ன் என்றோ இருந்தால் எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள். நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கும் களிம்பும் வேண்டாம். இருக்கிற ஒவ்வாமை போதாதென்று புதிதாக ஒன்றை இவை கிளப்பும்.

ஊரிலிருந்து வந்த பெட்டியில் ஒரு ட்யூப் இருக்குமே, அரிப்புக்கு, படைக்கு, சிரங்குக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றாக மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது. அதை அப்பா கன்னத்தில் தடவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பாலும் கடுமையான ஸ்டீராய்டும், பூஞ்சை மருந்தும், ஆன்டிபயாடிக்கும் கலந்திருக்கும். முகத்துக்கு ஆகாது.

தூக்கத்துக்காக அலர்ஜி மாத்திரை கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மயக்கம் தரும் பழைய வகை மாத்திரை, டைஃபென்ஹைட்ரமின், உங்கள் அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். ப்ராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு அது சிறுநீரை அடைத்துவிடும். இந்த வயதில் ராத்திரி எழுந்தால் தடுமாறவும் குழம்பவும் செய்யும். உண்மையில் இந்த அரிப்புக்கு அந்த மாத்திரைகள் அவ்வளவாகக் கேட்பதும் இல்லை, தூங்க வைப்பதோடு சரி. அதற்குப் பதில் படுக்கும் முன் ஈரத்துணி, அறையில் ஏசி, மெல்லிய பருத்திச் சட்டை, நகத்தை ஒட்ட வெட்டிவிடுவது, கைக்குப் பருத்திக் கையுறை. கொப்புளத்தை ஊசியால் குத்தக் கூடாது. தானாக உடைந்தால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி விட்டுவிடுங்கள், மேல்தோலைக் கிள்ளி எடுக்க வேண்டாம்.

இத்தனையும் சொன்ன பிறகு, நான் உங்கள் இடத்தில் இருந்தால் அப்பாவை ஒரு மருத்துவரிடம் காட்டுவேன். முகத்தில் வந்திருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, ஒன்பது நாளாகியும் தூக்கமில்லை. அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியதில்லை. அர்ஜன்ட் கேர் எனப்படும், நேரே போய்க் காட்டக்கூடிய சிறு கிளினிக் போதும், வீடியோவில் பார்க்கும் மருத்துவரும் போதும். இது பழைய நோய் கிடையாது, அங்கே வந்த பிறகு புதிதாக வந்தது. ஆகவே விசிட்டர் இன்ஷூரன்ஸ்காரர்களை ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள், கேட்காமலே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

அந்த மருத்துவர் ப்ரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தரலாம். நன்றாகக் கேட்கும், ஒன்றிரண்டு நாளிலேயே தெரியும். ஆனால் இரண்டு சங்கதி. அது சர்க்கரையை ஏற்றும். அப்பாவின் மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், தினமும் சர்க்கரை பாருங்கள். இன்னொன்று, ஐந்தாறு நாளில் முடிந்துவிடும் அட்டையைக் கொடுத்தால் ‘இது போதுமா’ என்று தயங்காமல் கேளுங்கள். பாய்சன் ஐவிக்கு இரண்டு, மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவதுதான் முறை. பாதியில் நிறுத்தினால் அடங்கியது மறுபடி பொங்கும். நமக்கோ மருந்து தோற்றுவிட்டது என்று தோன்றும்.

கண் இமை வீங்கி மூடிக்கொண்டாலோ, வாய்க்குள்ளோ பிறப்புறுப்பிலோ வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு சூடாகி வலித்து சீழ் கோத்தாலோ அன்றைக்கே போக வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்கக் கூடாது. மூச்சு இளைத்தால் உடனே 911 அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

குவியலை என்ன செய்வது? முழுக்கைச் சட்டை, நீளக் காலாடை, தடித்த வினைல் கையுறையோடு நீங்களோ உங்கள் கணவரோ அள்ளி, இரட்டை பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் வேண்டாம். அப்பா அந்தப் பக்கமே வரக் கூடாது. வேர் மண்ணுக்குள் இருக்கிறது, மறுபடி தளிர்க்கும்; அப்போது ஆள் வைத்து எடுப்பது நல்லது. நார் சுழன்று புல்லை வெட்டும் கருவியால் அடித்தால் சாறு காலெல்லாம் தெறிக்கும்.

அப்புறம், இனி எப்போதாவது யாருக்காவது இலை பட்டால், பட்ட பத்து நிமிடத்துக்குள் கழுவ வேண்டும். நேரம் ஆக ஆக எண்ணெய் தோலில் இறங்கிவிடும், கழுவுவதன் பலன் குறைந்துகொண்டே போகும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் நிறையத் தண்ணீரும் போதும். இதற்கென்றே விற்கும் விலை கூடிய கழுவிகளோடு அதை வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கார் எஞ்சினில் கைவிட்டு கிரீஸ் ஒட்டினால் எப்படித் தேய்ப்பீர்களோ அப்படித் துணி வைத்துத் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கிரீஸ் இது. சும்மா தண்ணீரைக் காட்டினால் போகாது.

மாம்பழ சீசன் வேறு. இந்தியக் கடையில் பெட்டி பெட்டியாக வந்திருக்கும், அப்பாவுக்குக் கட்டாயம் வாங்குவீர்கள். ஆறும் வரை அவர் தோல் சீவ வேண்டாம், தோலோடு கடித்துச் சப்பவும் வேண்டாம். வேறு யாராவது சீவி, கழுவி, துண்டு போட்டுக் கொடுத்தால் சதை பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. சர்க்கரைக்கு எத்தனை துண்டு என்பதை அம்மா பார்த்துக்கொள்வார்.

அப்பாவுக்குக் கொஞ்சம் தேறியதும் ஒன்று கேட்டு எழுதுங்கள். சின்ன வயதில் முந்திரிக்கொட்டையை அடுப்பில் சுட்டுத் தின்று உதடு வெந்ததுண்டா, மாங்காய் திருடிப் பால் பட்டுப் புண்ணானதுண்டா, சேங்கொட்டையைக் கையில் வைத்து விளையாடினாரா? பந்தயம் கட்டச் சொன்னால் நான் முந்திரியின் மேல்தான் கட்டுவேன்.